இன்னொரு தடவை சார்

சாரோடு குடை வாங்கப் போன அனுபவம் என் பகையாளிக்கும் வர வேண்டாம். நாகர்கோவில் கடைத்தெருவில் ஒரு மழைக்காலம். கடைக்காரர் குடையை விரித்துக் காட்டினார். சார் நன்றாக உற்றுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கொள்ளாம். இன்னொரு தடவை?"

கொள்ளாம் என்றால் எங்கள் ஊரில் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். கடைக்காரர் மடக்கி விரித்தார். "கொள்ளாம். இன்னொரு தடவை?" மறுபடியும் விரித்தார். வெளியே மழை கொட்டுகிறது, உள்ளே இந்தக் கூத்து நடக்கிறது. கடைசியில் கடைக்காரர் குடையைச் சார் கையிலேயே கொடுத்து, "சார், நீங்க விரிச்சிட்டிருங்க, நான் ஒரு சாயா குடிச்சிட்டு வந்திருதேன்" என்று போய்விட்டார். அவர் திரும்பி வரும்போதும் சார் விரித்துக்கொண்டுதான் இருந்தார்.

முதல் தடவையை நம்பக்கூடாது என்பது அவருடைய கட்சி. எது வேண்டுமானாலும் முதல் தடவை நன்றாக இருக்கும், அதில் என்ன பெருமை என்று கேட்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபைப் போதகர் மன்னிப்பைப் பற்றி உருக்கமாகப் பிரசங்கம் செய்தார். பெண்கள் பக்கத்தில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். வாசலில் சார் அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "நல்ல பிரசங்கம். இதையே அடுத்த ஞாயிறும் சொன்னா இப்படியே இருக்குமா ஐயரே?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதற்குப் பிறகு போதகர் சாரைக் கண்டால் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போக ஆரம்பித்தார். பல வருடம் கழித்து என் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது, சார் முன்வரிசையில் நிற்பதைப் பார்த்த அதே போதகர், தண்ணீரைக் கையில் எடுப்பதற்கு முன்பே அவரைப் பார்த்து, "இது ஒரு தடவதான்" என்று சொல்லிவிட்டுத்தான் தெளித்தார்.

மெலிந்த ஆள். இடது புருவத்தில் பாதி கிடையாது. அது எப்படிப் போயிற்று என்று பிறகு சொல்கிறேன். அந்தப் பாதிப் புருவத்தால் எப்போது பார்த்தாலும் எதையோ கேட்டுப் பாதி ஆச்சரியப்பட்டவர் போல இருப்பார். சட்டைப் பையில் ஆணி, இரும்புத் துண்டு, துருப்பிடித்த தகடு என்று ஏதாவது கிடக்கும். அதனால் எல்லாச் சட்டைப் பையிலும் நெஞ்சுக்கு நேரே ஒரு சிவப்புக் கறை. மிஷன் கல்லூரியில் ரசாயன ஆய்வுக்கூடத்தில் வேலை. நான் அதே வளாகத்துப் பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'இன்னொரு தடவை சார்'. பெயர் அவர் காதிலும் விழுந்திருந்தது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

என் அக்காவுக்கு அவரைப் பேசியது நான்தான். கொட்டாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார் என்றதும் எனக்குள் ஒரே வெப்ராளம், பயம். அக்காவை நாலு தடவை நடக்கச் சொல்வாரோ, ஒரே ஞானப்பாட்டை நாலு தடவை பாடச் சொல்வாரோ என்று முந்தின நாளே அம்மாவை எச்சரித்து வைத்தேன்.

அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அக்கா முந்திரிக்கொத்துப் பலகாரத் தட்டோடு வந்தாள். சார் நிமிர்ந்து அவளை ஒரு தடவை பார்த்தார். குனிந்தார். பிறகு முந்திரிக்கொத்தை எடுத்துக் கடித்து, "கொள்ளாம், இன்னொண்ணு?" என்றார். அதையும் கடித்து, மூன்றாவதும் வாங்கி, மூன்றும் ஒரே மாதிரி இருக்கிறது என்று அம்மாவைப் பாராட்டினார். அக்காவைப் பற்றி ஒரே சொல்தான் சொன்னார். "சம்மதம்."

அப்பாவுக்குச் சந்தோஷம். அக்காவுக்கு இல்லை. அன்று சாயங்காலம் கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏலே, முந்திரிக்கொத்த மூணு தடவ கடிச்சுப் பாத்தாரு. என்னைய ஒரு தடவதான் நிமிந்து பாத்தாரு. எனக்க மொகத்துல அவ்வளவுதான் கெடக்கா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. குடையைப் பத்துத் தடவை பார்க்கிற மனிதர் தன்னை ஒரு தடவைதான் பார்த்தார் என்றால், தான் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். அதோடு அவரைப் பிடித்தும் போயிருந்தது. அதுதான் சங்கடம்.

இதற்கு மேல் அப்பா ஒரு முடிச்சுப் போட்டார். அப்பா நெல் வியாபாரி. "கண்ணாடிக் குப்பி கழுவுத வேலைக்கு எனக்க மகளைக் குடுக்க முடியாது" என்றார். அப்போது கொட்டாரத்தில் ஒரு முதலாளி சோப்புக் கம்பெனி தொடங்கியிருந்தார், அப்பாவுக்குச் சிநேகிதர். சாளை மீன் எண்ணெயில் சோப்புச் செய்ய வேண்டும் என்பது அவருடைய கனவு. எண்ணெய் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் அந்தச் சோப்பைப் போட்டுக் குளித்தால் பூனை பின்னாலேயே வரும். எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் நாற்றம் போய் வெள்ளைக் கொழுப்பாக உறைந்துவிடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். வாயுவைத் தொடர்ந்து தயாரிக்க ஓர் ஏற்பாடு செய்து தந்தால் சாரை மானேஜராக வைத்துக்கொள்வதாக முதலாளி சொன்னார். ஆவணி முடிகிற வரைக்கும் தவணை. அப்பாவும் அதே தவணையைப் பிடித்துக்கொண்டார். திருவனந்தபுரத்தில் ஓர் ஆபீஸ் குமஸ்தா மாப்பிள்ளையை அவர் கையிருப்பில் வைத்திருந்தார்.

சார் அதற்கு முன்பே தன் வாடகை அறையில் இந்த வாயுவைத் தயாரிக்க ஒரு முயற்சி செய்திருந்தார். அது வெடித்ததில்தான் பாதிப் புருவமும் மொத்த அறையும் போயின. வீட்டுக்காரர் வெளியே அனுப்பிவிட்டார். ஆகவே எங்கள் வீட்டுப் பின்புறத்தில், நெல் அவிக்கிற பெரிய அடுப்புப் பக்கத்தில் தன் சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினார். பழைய பாய்லர் குழாய் ஒன்று, கொல்லரிடம் இரவல் வாங்கிய துருத்தி ஒன்று, கரி போட ஒரு தகர டிரம்.

அவர் செய்த காரியம் இவ்வளவுதான். குழாய்க்குள் இரும்பைப் போட்டு, வெளியே நெருப்பு மூட்டிச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சுவார். நெல் அவிக்கிற அண்டாவிலிருந்து நீராவியை உள்ளே விடுவார். இரும்பு நீராவியிலிருந்து பிராணவாயுவைப் பிடுங்கிக்கொண்டு துருவாகிவிடும், மிஞ்சுகிற ஹைட்ரஜன் மறு முனை வழியாக வெளியே வரும். இரும்பு முழுக்கத் துருவானதும் நீராவியை நிறுத்திவிட்டு, டிரம்மில் எரிகிற கரியின் புகையை உள்ளே விடுவார். துரு மறுபடியும் இரும்பாகிவிடும். மறுபடியும் நீராவி. இப்படியே மாறி மாறி. கேட்க எளிதாகத்தான் இருக்கிறது.

முதல் தடவை முதலாளி பார்க்க வந்தபோது, சார் பப்பாளி இலைத் தண்டைக் குழாயின் முனையில் செருகி, சோப்புத் தண்ணீரில் தோய்த்தார். குமிழிகள் புறப்பட்டு நேரே மேலே ஏறின. தென்னை மரத் தலையையும் தாண்டிப் போயின. எட்டிய ஒன்றில் சார் தீக்குச்சியைக் காட்ட, அது 'டப்' என்று வெடித்தது. முதலாளி குழந்தை போலக் கைதட்டினார்.

"தம்பி, அடுத்த மாசமே வந்து வேலையில சேந்திரு!"

அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுக்களை ஜன்னலில் அக்காவின் முகம் தெரிந்தது. சார் சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும், கல்யாணம். அவர் பாதிப் புருவத்தைச் சொறிந்தார்.

"மொதலாளி, இப்ப பாத்தது முதல் தடவை. நாலஞ்சு தடவைக்கு மேல இந்த இரும்பு தாங்காது. ஒங்க கம்பெனில இதை நம்பிப் பணம் போட்டா நாசமாப் போவும். கொஞ்சம் பொறுங்க."

முதலாளியின் முகம் சுருங்கியது. "ஆவணி வரைக்கும் பாப்பேன். பொறவு வேற ஆளு" என்று கிளம்பிவிட்டார். அப்பா அன்று இரவு சாப்பிடவில்லை. ஜன்னலில் இருந்த முகம் எப்போது மறைந்தது என்று நான் கவனிக்கவில்லை.

சார் சொன்னது சரிதான். குழாயில் அவர் போட்டிருந்தது ஆணிகள். துருவாகும்போது இரும்பு பருக்கிறது, இரும்பாகும்போது சுருங்குகிறது. பருத்துச் சுருங்கி, பருத்துச் சுருங்கி, எல்லா ஆணியும் ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே கட்டியாகிவிட்டது. நீராவி போக வழியில்லை. உளியால் கொத்திக் கொத்தி வெளியே எடுத்தோம். பிறகு கொல்லன் பட்டறையில் உதிர்கிற இரும்புச் செதிளைப் போட்டுப் பார்த்தார். அதுவும் ஒட்டிக்கொண்டது. காவிக்கல்லைப் பொடித்துப் போட்டார். அது மாவாகி, ஆவியோடு பறந்து, முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த நெல்லின் மேல் படிந்தது.

அப்பா ஒரு பிடி நெல்லை அள்ளி முகத்துக்கு நேரே பிடித்தார். "இது என்ன, சாமியாரு நெல்லா?"

ஒரு சனிக்கிழமை காலையில் சார் என்னைக் கடியப்பட்டணத்துக்கு இழுத்துப் போனார். அங்கே கடற்கரையில் இரும்பு கலந்த கறுப்பு மணல் திட்டுத் திட்டாக ஒதுங்கிக் கிடக்கும். ஒரு காந்தத்தை நூலில் கட்டி மணல் மேல் ஆட்டிக்கொண்டே சார் நடந்தார். வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டார்.

"சாரே, மீனு வாங்க வந்தியளா, மண்ணு வாங்க வந்தியளா?"

"மண்ணுதான்."

"கொண்டு போங்க. கரைய மட்டும் இஞ்ச வச்சிட்டுப் போயிருங்க."

இந்த மணல் இங்கே எப்படி வந்தது என்று சார் விசாரித்தார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் கொண்டுவந்து போடும், பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளும், அடுத்த வருடம் மறுபடியும் போடும் என்றார் அவர். சாரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "கேட்டியா? கடலு இதை எத்தன தடவ அலசியிருக்கும்! அதுக்குப் பொறவும் கெடக்கு பாரு" என்று என் தோளைத் தட்டினார். அந்த மணலை அவர் பார்த்த மாதிரி அக்காவைப் பார்த்திருந்தால் வீட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எரிச்சலாகவும் இருந்தது.

மணல் ஒட்டவில்லை, மாவாகவும் இல்லை. ஆனால் குழாய்க்குள் இறுக்கமாகப் படிந்து ஆவியை அடைத்தது. ஆகவே மணலோடு குயவர் களிமண்ணைப் பிசைந்து, சுண்டைக்காய் அளவுக்கு உருட்டிச் சுட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. உருட்டும் வேலைக்கு அக்கா வந்தாள். துணைக்கு நான். இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. "பெரிசாப் போச்சா?" என்பாள். "கொள்ளாம்" என்பார். அவ்வளவுதான். அக்கா இன்னும் ஏதாவது சொல்வாரா என்று காத்திருப்பாள், அடுத்த உருண்டையை எடுப்பாள். அந்த உருண்டைகளும் சில தடவைகளில் விரிந்து உடைந்தன.

ஆவணி பாதி போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் ஒரு சடங்கு உண்டு. மரச்சீனிக் கிழங்கு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, மறுநாள் கோவிலுக்கு உடுத்துகிற வெள்ளைத் துணிகளை அதில் முக்கி எடுப்பார்கள். வேட்டி நிற்க வைத்தால் நிற்க வேண்டும். அம்மா கஞ்சிப்பசையை வாளியில் ஊற்றிக் கிணற்றடியில் வைத்துவிட்டு, துணி எடுக்க உள்ளே போனாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்த நேரம். சார் களிமண் பிசையத் தண்ணீர் தேடி வந்தார், வாளியைத் தூக்கினார், முழுக்கக் களிமண்ணில் கொட்டிப் பிசைந்தும்விட்டார்.

மறுநாள் எங்கள் குடும்பம் கோவிலுக்குப் போன கோலத்தை ஊரே பார்த்தது. அப்பாவின் வேட்டி வாழைச்சருகு போலக் காலில் சுற்றிக்கொண்டது. அம்மாவின் சேலை மடிப்பு ஒன்றும் நிற்கவில்லை. போதகர்கூடப் பிரசங்கத்தின் நடுவே எங்கள் வரிசையைப் பார்த்து ஒரு நிமிடம் தடுமாறினார். அம்மா சாரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிசைந்த மண்ணை வீணாக்க வேண்டாம் என்று அக்கா அதையும் உருட்டியிருந்தாள். திங்கட்கிழமை சார் அரை மனதாகச் சுட்டுக் குழாயில் போட்டார். அது உடையவில்லை. ஒட்டவில்லை. மறுபடியும் ஓட்டினார், மறுபடியும், மறுபடியும். நாலு நாள் சாயங்காலம் ஓட்டியும் வாயு குறையவில்லை. ஓர் உருண்டையை எடுத்து உடைத்துக் காட்டினார். உள்ளே ஆப்பத்தின் நடுப்பகுதி போல நுண்ணிய துளைகள். மரச்சீனி நெருப்பில் எரிந்துபோய், அது இருந்த இடமெல்லாம் வெற்றிடமாகியிருந்தது. இரும்பு பருக்கும்போது அந்தத் துளைக்குள் பருத்துக்கொள்ளும், உருண்டையை உடைக்காது. ஆவிக்கும் வழி கிடைக்கும்.

நான் குதித்தேன். "இப்பமே மொதலாளிய கூட்டிட்டு வாறேன் சார்!"

"இரு, இரு. இது தெரியாம செஞ்சது. தெரிஞ்சு செஞ்சாலும் வருமான்னு பாக்கண்டாமா? இன்னொரு தடவை."

எனக்கு அவரைக் கிணற்றில் தள்ளலாம் போல இருந்தது.

அந்தச் சனிக்கிழமை அம்மா பசை வாளியின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். "ஒரு தடவ நாங்க கசங்கிப் போனது போதாதா?" என்றாள். அக்காதான் தனியாக ஒரு சட்டியில் காய்ச்சிக் கொண்டுவந்தாள். உருட்ட உட்கார்ந்தபோது, மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"திருவனந்தபுரத்துக்காரங்க வாற வியாழக்கிழமை வாறாங்களாம்."

சாரின் கை நின்றது. "ஆருக்கு?"

"எனக்குத்தான். வேற ஆருக்கு?"

விரலில் ஒட்டியிருந்த மண்ணை வழித்துப் போட்டார். பிறகு, "புதன்கிழமை மொதலாளிய வரச் சொல்லுதேன்" என்றார்.

"சரியா வருமா?"

"தெரியாது."

அக்கா கையிலிருந்த உருண்டையை உள்ளங்கையில் வைத்துத் தட்டையாக அமுக்கினாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனிதர். வரும் என்று ஒரு சொல். அவருக்கு வாயில் வராது. அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபத்தைப் போல யார்மேலும் வந்ததில்லை, அதே அளவு மரியாதையும் வந்தது.

புதன்கிழமை காலையில் முதலாளி வந்தார். இந்தத் தடவை சார் அவருக்கு நாற்காலி போட்டு, வெயில் படாமல் ஓலைத் தட்டி ஒன்றும் கட்டியிருந்தார். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. முதலாளிக்கு விளங்கவில்லை. முதல் குமிழிகள் ஏறியதும் கைதட்டி எழுந்தார்.

"மொதலாளி, இருங்க. இன்னொரு தடவை."

கரிப்புகை, பிறகு நீராவி. குமிழி. இன்னொரு தடவை. மறுபடியும் குமிழி. முதலாளி சட்டைப் பொத்தானைக் கழற்றினார். எங்கள் வீட்டிலேயே மத்தியானம் சாப்பிட்டார். சாப்பாடானதும் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தார். தலை தொங்குகிற நேரமாகப் பார்த்துச் சார் குனிந்து, "மொதலாளி, இன்னொரு தடவை" என்று எழுப்புவார். துருத்தி மிதித்து மிதித்து என் கால் மரத்துப் போயிற்று. அப்பா முதலில் வாசலில் நின்றார், பிறகு அடுப்புப் பக்கம் வந்தார், மூன்று மணிக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கரி அள்ளிப் போட ஆரம்பித்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் குமிழி வரும்வரை அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வந்ததும் விட்டுவிடுவாள்.

வெயில் தாழ்ந்தது. குமிழிகள் காலையில் ஏறியது போலவே ஏறிக்கொண்டிருந்தன. முதலாளி எழுந்து சாரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தம்பி, எனக்கு நம்பிக்கை வந்து ரொம்ப நேரமாச்சு. வீட்டுல தேடுவா. வேலை ஒனக்குத்தான், என்னைய விட்டுரு!"

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். முகமெல்லாம் கரி. "எலேய், திருவனந்தபுரத்துக்குத் தந்தி குடு. வராண்டாம்ன்னு சொல்லு" என்று என்னிடம் கத்திவிட்டு, முதலாளியை வழியனுப்பப் போனார்.

பின்புறத்தில் நாங்கள் மூன்று பேர். சார் நெருப்பை இறைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அக்கா செம்பில் தண்ணீரோடு வந்தாள். கொடுக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"குடையப் பத்துத் தடவ பாத்தீங்க. மண்ண நூறு தடவ பாத்தீங்க. இண்ணைக்கு அந்தப் பாவப்பட்ட மொதலாளிய ஒரு நாள் பூரா இருத்திட்டீங்க. என்னைய மட்டும் ஏன் ஒரே ஒரு தடவ நிமிந்து பாத்தீங்க?" செம்பை மறு கைக்கு மாற்றினாள். "இவளுக்கு இது போதும்ன்னா?"

சார் கையிலிருந்த கம்பைக் கீழே போட்டார். இல்லாத புருவத்தைச் சொறிந்தார். வியர்வையும் கரியுமாக இருந்த முகம் சிவந்துபோவதை அன்றுதான் பார்த்தேன்.

"எதைப் பாத்தாலும் எனக்குச் சந்தேகம் வரும். அதனாலதான் திரும்பத் திரும்பப் பாப்பேன்" என்றார். "ஒன்னைப் பாத்த அண்ணைக்கு வரல்ல. பொறவும் வரல்ல."

நான் வாளியைத் தூக்கிக்கொண்டு நகரப் பார்த்தேன். அக்கா செம்பை அவரிடம் நீட்டினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்த முகத்தை முந்தானையால் துடைத்தாள்.

"கொள்ளாம்" என்றாள். "இன்னொரு தடவை?"